தொடும் கை அறிவது

"வலி பத்துக்கு எத்தனை?" தாதியாக வேலை பார்த்த காலமெல்லாம் நான் மிக அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி. நோயாளி சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்வோம். எட்டு என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் பேத்தியோடு சிரித்துப் பேசியவர்கள் உண்டு. "ரெண்டுதான் மிஸி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியை விரல் வெளுக்கப் பிடித்திருந்த முதியவர்களும் உண்டு. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனாலும் அந்த எண்ணை எழுதும்போதெல்லாம், இன்னொருவருக்குள் நடப்பதை நான் அறிய வழி உண்டா என்ற கேள்வி கூடவே வந்தது. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது. கேள்வியிலிருந்து கிடைக்கவில்லை.

எங்கள் சைவ சித்தாந்த வகுப்பில் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் படித்தபோது, இந்தக் கேள்விக்கு ஓர் இடம் இருப்பதைக் கண்டேன். அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதியது. காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளைச் சொல்லி, காட்சியை நான்காகப் பிரிக்கிறார்: இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. என் இன்பமும் துன்பமும் எனக்குத் தெரிவது தன்வேதனைக் காட்சி. அடுத்தவர் துன்பம் எனக்கு அப்படித் தெரியாது. அவர் சொல்லக் கேட்கலாம், அது உரை. கம்பியைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்து ஊகிக்கலாம், அது கருதல். நான் எழுதிய எண்கள் எல்லாம் உரை. வலிமாத்திரையின் அளவைப் பற்றி மருத்துவரிடம் நான் வாதாடியதெல்லாம் கருதல். என் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டது என்று அன்று வகுப்பில் தோன்றியது.

தாய் சி பழக ஆரம்பித்தது வேறு காரணத்துக்காக. முழங்கால் வலி. சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் விடிவதற்கு முன்பே ஒரு கூட்டம் சேரும். பெரும்பாலும் சீன முதியவர்கள், ஒரு மலாய் அம்மா, நான். ஒலிபெருக்கியில் மாண்டரின் குரல் ஒவ்வொரு அசைவின் பெயரையும் சொல்லிக்கொண்டே போகும். வெண்கொக்கு இறகை விரிப்பது, காட்டுக்குதிரையின் பிடரி மயிரை ஒதுக்குவது, மேகம்போல் கைகளை அசைப்பது. நாங்கள் செய்வது 24 நிலைகள் கொண்ட எளிய வடிவம். எல்லாரும் கற்கட்டும் என்று சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1956இல் யாங் மரபிலிருந்து தொகுத்தது அது. அந்த மரபின் முதல்வர் யாங் லூசான் (1799-1872). ஹேனான் மாநிலத்தின் சென் குடும்பக் கிராமத்தில் கற்றுக்கொண்டு பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனவர். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883-1936) காலத்தில்தான், இன்று உலகம் முழுவதும் பூங்காக்களில் பார்க்கும் அந்த விரிந்த, நிதானமான நடை நிலைபெற்றது. போருக்கான கலை முதியவர்களின் காலைப் பழக்கமாக மாறிய வரலாறு இது. ஆனால் போர் அதைவிட்டு முழுதும் போய்விடவில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் உணவங்காடி நிலையத்தில் கோப்பி குடிக்கப் போவோம். அங்கேதான் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வது. உடலில் ஓடும் சீ என்ற உயிராற்றல் பற்றிப் பேச்சு வரும். ஒருவருக்கு உள்ளங்கை சூடாகும். இன்னொருவருக்கு விரல் நுனியில் எறும்பு ஊரும். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அங்கிள், தமக்கு எதுவுமே தெரிவதில்லை, முதுகு வலி மட்டும் குறைந்திருக்கிறது என்பார். மலாய் அம்மா, மாக்சிக், அது சுபுஹுத் தொழுகை முடிந்தபின் நெஞ்சில் இருக்கும் அமைதி போன்றது என்றார். நான் அன்போடு கேட்டுக்கொண்டிருப்பேன். மனதில் மட்டும் அந்தப் பத்துக்கு எத்தனை என்ற அட்டை வந்து நிற்கும். இதுவும் உரைதானே. அவர் சொல்லும் சூடும் நான் உணரும் சூடும் ஒன்றா என்று இந்த மேசையில் யாராலும் சொல்ல முடியாதே.

இதைப் பற்றி சீனர்களே மிகப் பழைய காலத்தில் யோசித்திருக்கிறார்கள். சுவாங்ட்ஸு நூலின் 17ஆம் அத்தியாயத்தில், ஹாவ் ஆற்றுப் பாலத்தின்மேல் சுவாங்ட்ஸுவும் அவர் நண்பர் ஹுய்ட்ஸுவும் நடக்கிறார்கள். கீழே மீன்கள் துள்ளுகின்றன. மீன்களின் மகிழ்ச்சி இதுதான் என்கிறார் சுவாங்ட்ஸு. நீ மீனல்லவே, உனக்கு எப்படித் தெரியும் என்று மடக்குகிறார் ஹுய்ட்ஸு. நீ நானல்லவே, எனக்குத் தெரியாதென்பது உனக்கு எப்படித் தெரியும் என்று வாதம் வளர்கிறது. கடைசியில் சுவாங்ட்ஸு, இதோ இந்தப் பாலத்தின்மேல் நின்று அறிந்தேன் என்று முடித்துவிடுகிறார். அளவை நூல் படித்தவர்கள் இதைப் பதிலாகவே ஏற்க மாட்டார்கள். வெறும் சாமர்த்தியம் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது எப்படிப் பதிலாகும் என்பதை எனக்குக் காட்டியது துய் ஷோ.

துய் ஷோ என்பது இருவர் சேர்ந்து செய்யும் கை தள்ளும் பயிற்சி. எங்கள் லாவ்ஷி, அதாவது ஆசிரியர், வடிவம் ஓரளவு படிந்தவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொடுப்பார். எதிரெதிரே நின்று, ஒரு காலை முன்வைத்து, வலது மணிக்கட்டின் புறத்தை மற்றவரின் மணிக்கட்டின் புறத்தோடு தொட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் தள்ளுவார், மற்றவர் இடுப்பைத் திருப்பி அந்தத் தள்ளலை ஓரமாகப் போகவிட்டு, பிறகு தாம் தள்ளுவார். கைகள் வட்டமாகச் சுற்றி வரும், தொடுகை விடுபடவே கூடாது. இதில் முக்கியமாக இரண்டு குற்றங்கள். ஒன்று முட்டுவது, வருகிற விசையை விசையால் எதிர்ப்பது. மற்றது விட்டுவிடுவது, தொடுகையிலிருந்து நழுவிப்போவது. முதலாவது குற்றம் என்று யாருக்கும் எளிதில் புரியும். இரண்டாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. இணங்கிப்போகிறேன் என்ற பெயரில் நாம் பல நேரம் செய்வது விலகிப்போவதைத்தான். வார்டில் மனம் தாங்காத நாள்களில் புன்னகையோடும் கடமை தவறாமலும் நாங்கள் விலகி நின்றதை இந்தப் பயிற்சி பெயர் சொல்லிக் காட்டியது.

எனக்கு அமைந்த இணை, எங்களில் மூத்தவரான ஒரு ஹொக்கியன் பாட்டி. நான் ஆ மா என்றுதான் கூப்பிடுவேன். நான் தாதியாக இருந்தவள் என்று தெரிந்ததால் அவருக்கு நான் மிஸி. எனக்கு ஹொக்கியன் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது. அந்தக் காலத்துச் சந்தை மலாய்தான் எங்களுக்குப் பாலம். "பெலான் பெலான்" என்பார், மெதுவாக. "ஜாங்கான் லாவான்" என்பார், எதிர்க்காதே. வேறு பேச்சு அதிகம் கிடையாது.

கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்வார் லாவ்ஷி. தோலால் கேட்கப் பழக வேண்டும் என்பது இந்தக் கலையின் முறை. அந்தக் கேட்கும் திறனை ட்டிங் ஜின் என்கிறார்கள். ஆரம்பத்தில் மணிக்கட்டில் ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். நாள் செல்லச் செல்ல அந்த அழுத்தத்துக்குப் பின்னால் முழங்கை தெரிந்தது. பிறகு தோள், பிறகு எந்தக் காலில் எடை நிற்கிறது என்பது. ஆ மா தள்ளப்போவது, தள்ளுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஊகம் என்றால் இதிலிருந்து இது என்று ஒரு படி ஏற வேண்டும். அந்தப் படியே அங்கு இல்லை. அவருடைய எண்ணம் அசைவாவதற்கு முன்பே என் கையில் இருந்தது. என் எண்ணமும் அப்படியே அவர் கையில் இருந்தது. என் இடது தோளை அவர் விரலால் தட்டிக் காட்டுவார். அப்போதுதான் அது காதை நோக்கி ஏறியிருப்பது எனக்குத் தெரியும். மாறாமல் நீடிக்கும் ஒன்றைப் பற்றி நரம்புகள் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. கைக்கடிகாரம் கட்டிய சற்று நேரத்தில் அதன் அழுத்தம் மறைந்துபோவது அதனால்தான். படுக்கைகளைத் தூக்கியும் நோயாளிகளைப் புரட்டியும் இறுகிய தோள் என்னுடையது. அதில் குடியிருந்த இறுக்கம் எனக்கு மறைந்து, இன்னொரு வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்தது.

என்னைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம். என் உள்ளே நடப்பது எனக்கு நேராகத் தெரியும், பிறருக்குத்தான் தெரியாது என்ற கணக்கில்தான் நான் இதுவரை கேள்வியைக் கேட்டுவந்தேன். அந்தக் கணக்கே சரியில்லை. என்னில் ஒரு பகுதி எனக்கு முன்பாக அடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தொட்டுச் சொன்ன பிறகுதான் அது என் அனுபவமாகவே ஆகிறது. அப்படியானால் தனியாகப் பயிற்சி செய்து, கிடைத்ததைப் பிறகு நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம் என்ற வரிசையும் தவறு. பகிரும்போதுதான் அந்த அனுபவம் பிறக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னேன். எங்களுக்குப் பாடம் நடத்தும் ஐயா நிதானமாகக் கேட்டுவிட்டு, "அது இந்திரியக் காட்சிதாம்மா. ஊறு என்பது ஐம்புலன்களில் ஒன்று. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் ஐம்புலன்களை வேடர்கள் என்கிறார். அவர்களோடு வளர்ந்துதான் உயிர் தன் தலைவனை மறந்தது. அந்த வேடர்களில் ஒருவனை நம்பியா ஞானம் தேடுகிறீர்கள்?" என்றார்.

நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. சொல்லப்போனால், தாய் சி உலகத்திலேயே அவருக்குச் சாதகமான ஒரு கதை உண்டு. யாங் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் உள்ளங்கையில் சிட்டுக்குருவி உட்கார்ந்தால் அதனால் பறக்க முடியாதாம். எழும்ப வேண்டுமானால் குருவி காலால் ஒரு உந்து உந்த வேண்டும். அந்த உந்தலை அவர் கை முன்கூட்டியே கேட்டு, அதே அளவு தாழ்ந்துவிடும். உந்த இடமில்லாமல் குருவி உள்ளங்கையிலேயே இருக்கும். நடந்ததோ இல்லையோ, எங்கள் லாவ்ஷி இதைப் பெருமையாகச் சொல்வார். எனக்கோ அந்தக் குருவியை நினைத்து மனம் சங்கடப்பட்டது. பிறரை அவ்வளவு நுட்பமாக அறிவது அவரைச் சிறைப்படுத்துவதற்கும் ஆகும். நான் முன்னே சொன்ன போர் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எதிராளியின் எடை எங்கே என்று கேட்பது அவரை வீழ்த்துவதற்காகத்தான் தொடங்கியது. தாதிக்கும் அந்த அதிகாரம் உண்டு. எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்தவள் நோயாளியை எளிதில் பணியவைக்கலாம். ஐயா சொல்லும் வேடன் கற்பனை அல்ல.

ஆனாலும் நான் கண்ட ஒன்று உண்டு. வீழ்த்த வேண்டும் என்ற ஆசை எழுந்த கணமே என் கை செவிடாகிவிடுகிறது. முன்கை இறுகும், மணிக்கட்டில் என் சொந்த விசை மட்டும்தான் தெரியும், ஆ மா எங்கே நிற்கிறார் என்பது மறையும். அதோடு என் ஆசை அவருக்குத் தெரிந்துபோகும். கேட்பவள் கேட்கப்படாமல் ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. புலன் ஒரு பொருளை வேட்டையாடப் போனால் வேடன்தான். வேட்டையை விட்டுவிட்டு வெறுமனே இருக்கும் கையை என்ன சொல்வது? உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்க அறிகிறது என்பதும் நம் சித்தாந்தம்தானே. சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு. என் தோளின் இறுக்கத்தை எனக்கு அறிவித்தது ஆ மாவின் விரல். அந்த விரலின் வழியே அறிவித்தவன் யார் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன். பதிலில் எனக்கு ஐயம் இல்லை. அது என் நம்பிக்கை. ஆ மாவின் மொழியில் அதற்கு வேறு விடை இருக்கும், இருக்கட்டும்.

இரண்டும் ஒன்றே என்று சொல்பவள் அல்ல நான். வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் பக்கத்திலுள்ள கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழும். அதற்காக இரண்டு தத்துவங்களையும் கரைத்து ஒன்றாக்க மாட்டேன். பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை என்பது என் சமயம். சோ துன்யி (1017-1073) தாய் சி வட்டப்படத்துக்கு எழுதிய விளக்கத்தில் எல்லையின்மையிலிருந்து இயக்கமும் ஓய்வும், அவற்றிலிருந்து யின்னும் யாங்கும் பிறக்கின்றன. அங்கே அருள்புரியும் தலைவன் இல்லை. கொள்கையில் இருக்கும் இந்த இடைவெளியை மணிக்கட்டுகள் நிரப்பிவிடுவதில்லை. இடைவெளி இருக்கும்போதே தொட முடிகிறது என்பதைத்தான் நான் கண்டேன்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவலை முறியடிக்க எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு 24 நிலைகளையும் செய்துவந்தேன். வடிவம் கெடவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் அதைச் சொல்ல யாரும் இல்லை. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் வெகுநாள்வரை துய் ஷோ கூடாது, இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில்தான் யுனெஸ்கோ தாய் சியை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. செய்தியை லாவ்ஷி கைப்பேசியில் காட்டினார். எல்லாரும் கைதட்டினோம், யாரும் யாரையும் தொடவில்லை.

மறுபடி கைகள் சேர்ந்த நாளில் ஆ மாவின் வலக்கை மாறியிருந்தது. அவர் தள்ளும்போது ஒன்றும் இல்லை. நான் தள்ளி, அவர் கை பின்வாங்கும்போது முழங்கையில் சிறு சிறு தடை வந்தது. பல்சக்கரம் பல்பல்லாகத் தட்டித் தட்டிச் சுற்றுவது போன்ற தடை. அதை நான் அறிவேன். வார்டில் மருத்துவர் நோயாளியின் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் குறி அது. பார்க்கின்சன் நோயின் விறைப்பு அப்படி இருக்கும். நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது தாதியின் வேலை அல்ல. ஆனால் அந்தக் கையை வட்டத்தில் வைத்துக்கொண்டே, அவருக்குத் தெரியாத அவரைப் பற்றிய ஒன்றை நான் ஏந்தியிருந்தேன். அவரிடம் கேட்டால் பத்துக்குப் பூஜ்யம் என்றிருப்பார். உண்மையாகவும் சொல்லியிருப்பார்.

இதை என்ன செய்வது? குருவியை வைத்திருந்த கை இப்போது என் கை. சொல்லாமல் வைத்துக்கொள்வது தொடுகையை விட்டுவிடும் குற்றம். நோயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது முட்டும் குற்றம். கோப்பி குடிக்கும்போது அவருடைய மகளிடம் தொலைபேசியில் பேசி, பலதுறை மருந்தகத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள், கையின் விறைப்பைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அங்கிருந்து நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டு அதே பெயரைச் சொன்னார்.

தாய் சியை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வை நானும் தேடிப் படித்தேன். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரில் ஒரு பிரிவினர் வாரம் இரண்டு முறை, 24 வாரங்கள் தாய் சி பழகியபோது, வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட அவர்களுக்கு உடல் சமநிலை மேம்பட்டது, விழுவதும் குறைந்தது. இதைக் கோப்பிக் கடையில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். அங்கிள் அதை ஹொக்கியனில் ஆ மாவுக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் கை சேர்த்தபோது, இரண்டு சுற்று போனதும் ஆ மா நிறுத்திவிட்டார். என் மணிக்கட்டைத் தட்டினார். "தாங்கான் லூ தாக்குத்" என்றார். உன் கை பயப்படுகிறது. நான் மெதுவாக, கவனமாக, அன்போடுதான் செய்துகொண்டிருந்தேன். அவருக்கு அது பயமாகக் கேட்டது. அவர் சொன்ன பிறகு எனக்கும் கேட்டது. என் கை அவரைத் தொடாமல், அவர் நோயைத் தாங்கலாகத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முழு எடையோடு தள்ளச் சொன்னார். தள்ளினேன். இடுப்பைத் திருப்பி என்னை ஓரமாக அனுப்பினார்.

மீனின் மகிழ்ச்சியைப் பாலத்தின்மேல் நின்று அறிந்ததாகச் சுவாங்ட்ஸு சொன்னதை இப்போது வேறுவிதமாகப் படிக்கிறேன். எங்கே நிற்கிறாய், யாரோடு நிற்கிறாய் என்பதும் அறிதலின் ஒரு பகுதி. அந்தப் பாலத்தில் அவர் தனியாக இல்லை, மறுத்துப் பேச ஹுய்ட்ஸு கூட இருந்தார். அதே நூலில் பின்னால் ஓரிடத்தில் சுவாங்ட்ஸு அந்த நண்பரின் கல்லறையைக் கடந்துபோகிறார். இனி தமக்குப் பேச ஆள் இல்லை என்று அங்கே வருந்துகிறார். வாதத்தில் வென்றவரின் வருத்தம் இல்லை அது.

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடுத்து எங்கள் வகுப்பில் வருகிறது. மலம் நீங்கி ஞானம் பெற்ற பிறகும் உயிர் அடியார்களோடு கூடியிருக்க வேண்டும் என்று மெய்கண்டார் வைத்தது அங்கேதான், நூலின் கடைசிச் சூத்திரத்தில். எல்லாம் அறிந்தவருக்கு ஏன் கூட்டம் என்று முன்பெல்லாம் எனக்குப் புரிந்ததில்லை. அடியார் என்றால் திருநீறும் கண்டிகையும் தரித்த சிவனடியார் என்பார் ஐயா. நூல் சொல்வதும் அதுவே, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அன்று வகுப்பில் அவரிடம் கேட்கப்போகிறேன்: என் தோளையும் என் பயத்தையும் எனக்குக் காட்டித்தந்த ஆ மாவை நான் எந்தக் கூட்டத்தில் வைப்பது, ஐயா?